170-ஆம் எண் பேருந்தும் குதிரைகள் போன வழியும்

குவீன் ஸ்திரீட்டில் புறப்பட்டு ஜோகூரின் லார்க்கின் வரை போகும் 170-ஆம் எண் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் தூங்கிவிடுவார்கள். தூங்காதவர்கள் கைப்பேசியைப் பார்ப்பார்கள். சாலையைப் பார்க்கிறவர்கள் குறைவு. தேக்காவில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு, புக்கிட் தீமா சாலையில் கண்டங்கெர்பாவ் மருத்துவமனைப் பக்கம் இதில் ஏறினால் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து உட்லண்ட்ஸ் இரண்டே நிலையம். ரயிலில் போனால் சீக்கிரம் வீடு சேரலாம் என்று மனைவி சொல்வாள். உண்மைதான். ஆனால் ரயிலுக்கு இந்தப் பேருந்தின் கதை கிடையாது.

சிங்கப்பூரில் பந்தயக் குதிரைகளுக்கு மூன்று முகவரிகள் இருந்தன. முதலில் ஃபேரர் பார்க். அடுத்தது புக்கிட் தீமா. கடைசியில் கிராஞ்சி. வரைபடத்தில் இந்த மூன்றையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள், ஏறக்குறைய 170-இன் வழித்தடம் வந்துவிடும். நகரம் வீங்க வீங்கக் குதிரைகள் வடமேற்காக நகர்ந்துகொண்டே போயின. கிராஞ்சிக்கு அப்பால் நீரிணை. நீரிணைக்கு அப்பால் வேறு நாடு. நான்காவது முகவரிக்கு இடமில்லை.

2024 அக்டோபர் 5, சனிக்கிழமை. கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. உட்லண்ட்ஸ்வாசிகளுக்கு அது பக்கத்து வீட்டுச் செய்தி. டர்ஃப் கிளப் அவென்யூவின் அஞ்சல் குறியீடுகூட எங்கள் பேட்டையைப் போலவே 73 என்றுதான் தொடங்கும்.

எருமைகளுக்குப் பக்கத்தில் குதிரைகள்

ரேஸ் கோர்ஸ் சாலை என்றதும் நம்மவர்களுக்கு வாழையிலையும் மீன் தலைக் கறியும்தான் நினைவுக்கு வரும். முத்தூஸ் கறியிலும் பனானா லீஃப் அப்போலோவிலும் சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு வெளியே வருபவரிடம், "இங்கே ரேஸ் எங்கே நடந்தது?" என்று கேட்டால் விழிப்பார்.

வில்லியம் ஹென்றி மேக்லியோட் ரீட் முதலிய ஐரோப்பிய வணிகர்கள் 1842-இல் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப்பைத் தொடங்கினார்கள். ஃபேரர் பார்க்கில் அவர்கள் திருத்திய திடலில் 1843 பிப்ரவரி 23-ஆம் தேதி முதல் பந்தயம் ஓடியது. பரிசு 150 வெள்ளி. ஃபேரர் என்ற பெயர் பின்னால் வந்தது. அன்றைக்கு அது ஊருக்கு வெளியே கிடந்த சதுப்பு நிலம், அவ்வளவுதான்.

சதுப்பு என்றால் புல்லும் தண்ணீரும் உண்டு. புல்லும் தண்ணீரும் உள்ள இடத்துக்கு மாட்டு வியாபாரிகள் வருவார்கள். மாடு வந்தால் மாட்டுக்காரர் வருவார், பால்காரர் வருவார், தோல் பதனிடுபவர் வருவார். தேக்கா நம்முடைய பேட்டையானதற்கு அந்த மாடுகளும் ஒரு காரணம். கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை, லெம்பு சாலை என்று இன்றைக்கும் தெருப் பலகைகளில் எருமையும் மாடும் நிற்கின்றன. கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வியாபாரி பெலிலியோஸ் பெயரிலும் ஒரு சாலை உண்டு. ஆனால் குதிரையின் பெயரில் தெரு இல்லை. அது ஓடிய களத்தின் பெயர்தான் மிஞ்சியிருக்கிறது. வேலை செய்த விலங்குக்குத் தன் பெயரிலேயே தெரு, விளையாடிய விலங்குக்கு மைதானத்தின் பெயரில் தெரு. இதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

குதிரைகளும் வேலை செய்யாமல் இல்லை. மோட்டார் வண்டி வருமுன் ஊருக்குள் ஓடியவை குதிரை வண்டிகள். சுமத்திராவின் டெலிக் குட்டைக் குதிரைகள் வாடகை வண்டிகளை இழுத்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து உயரமான குதிரைகள் கப்பலில் வந்தன. அவற்றைத் தேய்த்துக் குளிப்பாட்டித் தீனி வைத்தவர்களுக்கு 'சைஸ்' என்று பெயர். அரபியில் பிறந்து, இந்துஸ்தானி வழியாக மலாய்க்கு வந்த சொல் அது. அந்த வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பாவியன் தீவிலிருந்து வந்த போயானியரும் தென்னிந்தியரும்தான். குதிரைச் சவாரியை வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். சவாரி செய்தவரைப் பற்றி மட்டும் யோசித்தால் அப்படித்தான் தோன்றும்.

தமிழனுக்குக் குதிரை புதிதும் அல்ல. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன அமைச்சர் கோயில் கட்டிவிட்டு வந்த கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். காயல் துறையில் குதிரைகள் வந்து இறங்கியதை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். இராவுத்தர் என்ற பெயரே குதிரை வீரனைக் குறிப்பதுதான். ஊர் எல்லையில் ஐயனாருக்குச் சுட்டமண் குதிரை செய்து நிறுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள், சிராங்கூன் சாலையை ஒட்டி உயிருள்ள குதிரைகளைத் தேய்த்துவிட்டார்கள்.

பந்தயம் இல்லாத நாட்களில் அந்தத் திடல் வேறு பலவற்றையும் பார்த்தது. பெல்ஜியத்துக்காரர் ஜோசப் கிறிஸ்டியான்ஸ் 1911 மார்ச்சில் சிங்கப்பூரின் முதல் விமானத்தை அங்கிருந்துதான் கிளப்பினார். குதிரைகள் போய்ச் சில ஆண்டுகள் கழித்து, 1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள் அதே ஃபேரர் பார்க்கில் திரட்டப்பட்டார்கள். ஜப்பானிய மேஜர் புஜிவாராவும் கேப்டன் மோகன் சிங்கும் பேசினார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் தொடக்கம் அங்கே. இப்போது அந்த வட்டாரத்தில் சுமார் 1,600 வீவக வீடுகளுக்குத் திட்டம். பழைய குத்துச்சண்டைக் கட்டடம் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

ரப்பர் தோட்டத்துக்குப் போன திடல்

1924-இல் கிளப் தன் பெயரை சிங்கப்பூர் டர்ஃப் கிளப் என்று மாற்றிக்கொண்டது. கூட்டம் பெருகியது, ஃபேரர் பார்க் போதவில்லை. 1933-இல் புக்கிட் தீமாவில் பழைய ரப்பர் தோட்டம் ஒன்று பந்தயத் திடலாகித் திறக்கப்பட்டது. அறுபத்தாறு ஆண்டுகள் அங்கே ஓடின குதிரைகள்.

என் சிறுவயது நினைவில் உள்ள பந்தயம் புக்கிட் தீமாதான். நினைவு என்றால் திடலை நான் பார்த்ததில்லை. எங்கள் புளோக்கில் சனிக்கிழமை மாலை யார் வீட்டில் குரல் உயர்கிறது, யார் வீட்டில் கதவு மூடியே இருக்கிறது என்பதை வைத்துக் குதிரை எப்படி ஓடியிருக்கும் என்று அம்மா சொல்லிவிடுவார். மாதக் கடைசியில் அரிசிக் கடன் கேட்டு வந்த ஓர் அக்காவின் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. கணவர் துறைமுகத்தில் வேலை செய்தவர், நல்ல மனிதர், குழந்தைகளுக்கு மிட்டாய் வாங்கித் தருவார். சம்பள உறையை மட்டும் அவரால் முழுதாக வீடு கொண்டுவர முடியாது. அதனால் பந்தயம் நின்றது என்ற செய்திக்கு நான் கண்ணீர் விடவில்லை. விட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போனது சூதாட்டம் அல்ல. வெளிநாட்டுக் குதிரைகள் மீது சிங்கப்பூர் பூல்ஸ் கடையில் இன்றும் பணம் கட்டலாம். ஆஸ்திரேலியாவில் ஓடும் குதிரைக்கு உட்லண்ட்சில் சீட்டு வாங்கலாம். போனது குதிரை மட்டும்தான். வியர்வையும் வைக்கோல் வாசமும் உள்ள, கண்ணிமைக்கும் விலங்கு. அதனோடு வாழத் தெரிந்த மனிதர்களும் கூடவே போனார்கள்.

புக்கிட் தீமா திடலுக்கு அருகில் 1951-இல் தொடங்கிய புக்கிட் தீமா சேடில் கிளப்பைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். பந்தயத்தில் ஓய்வு பெற்ற குதிரைகளுக்கு இரண்டாவது வாழ்க்கை கொடுப்பதற்காக உருவானது அது. பந்தயக் குதிரையின் ஓட்டம் ஏழெட்டு வயதில் முடிந்துவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் அது இருபத்தைந்து வயதைத் தாண்டியும் வாழும். மீதி ஆண்டுகளை என்ன செய்வது? ஓடு என்று மட்டுமே பழக்கப்பட்ட விலங்குக்கு நடக்கவும் நிற்கவும், முதுகில் ஒரு குழந்தை தடுமாறினாலும் பொறுத்துக்கொள்ளவும் மாதக்கணக்கில் சொல்லித்தர வேண்டும். அந்த வேலையை ஓசையில்லாமல் செய்தவை சேடில் கிளப் போன்ற இடங்கள்தான்.

1999-இல் பந்தயம் கிராஞ்சிக்குப் போனது. பழைய திடல் டர்ஃப் சிட்டி ஆயிற்று. கார் விற்பனைக் கூடங்கள், உணவகங்கள், பாலர் பள்ளிகள், ஒரு மூலையில் குதிரை லாயங்கள். இப்போது அந்த 176 ஹெக்டர் நிலத்தில் 15,000 முதல் 20,000 வீடுகள் வரப்போகின்றன. பழைய பார்வையாளர் மாடங்கள் இரண்டையும் இடிக்காமல் வைத்துக்கொள்ளத் திட்டம். 2024-இல் அறிவித்தார்கள்.

கடைசி முகவரி

கெராஞ்சி என்பது ஒரு மரம். புளியைப் போன்ற பழம் தரும். அந்த மரத்தின் பெயர்தான் கிராஞ்சி. பேருந்திலிருந்து இறங்கினால் ஒரு பக்கம் சுங்கை காடுட் தொழிற்பேட்டை. மரச்சாமான் பட்டறைகளுக்கு நடுவே அரசகேசரி சிவன் கோயிலின் கோபுரம். இன்னொரு பக்கம் போர் நினைவிடம். அதன் தூண்களில் பொறித்த 24,000-க்கும் அதிகமான பெயர்களில் நம் ஊர்ப் பெயர்களும் உண்டு. நடுவில் பந்தயத் திடல். எம்ஆர்டி மேடையில் நின்றாலே அதன் பெரிய மாடத்தின் கூரை தெரியும். காற்று திரும்பும் நாட்களில் ஈர வைக்கோலும் சாணமும் கலந்த வாசம் வரும். புதிதாய்க் குடிவந்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாத்தா வீட்டுக் கொட்டில்.

அந்தத் திடலின் நல்ல நாட்களையும் சொல்ல வேண்டும். 2006-இல் எலிசபெத் அரசியார் வந்து பார்த்தார். 2010-இல் முதலாவது இளையர் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் டர்ஃப் கிளப்பின் சவாரி மையத்தில் நடந்தன. கிராஞ்சியில் ஓடிப் பழகிய ராக்கெட் மேன் என்ற குதிரை 2011-இல் துபாய் போய் கோல்டன் ஷாஹீன் பந்தயத்தை வென்றது.

ஆனால் மாடம் காலியாகிக்கொண்டே வந்தது. 2010-இல் ஒரு பந்தய நாளுக்குச் சராசரியாக 11,000 பேர். 2019-இல் 6,000. கொவிட்டுக்குப் பிறகு 2,600. பார்வையாளர் 30,000 பேருக்குக் கட்டிய இடம். 2023 ஜூன் 5 அன்று மூடல் அறிவிப்பு வந்தது. அப்போது லாயங்களில் சுமார் 700 குதிரைகள் இருந்தன. அவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்ப 2026 மார்ச் வரையும், நிலத்தை அரசாங்கத்திடம் ஒப்படைக்க 2027 மார்ச் வரையும் தவணை. 120 ஹெக்டருக்கும் மேற்பட்ட நிலம். 2025-இல் வெளியான பெருந்திட்ட வரைவில் அங்கே சுமார் 14,000 வீடுகள் என்று இருக்கிறது. உட்லண்ட்சில் கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் என் குடும்பத்திலேயே இருவர். அவர்களிடம் போய்க் குதிரை வேண்டும் என்று எந்த முகத்தோடு பேசுவது?

மார்சிலிங் காப்பிக் கடை ஒன்றில் ஒரு முன்னாள் சைஸ் எனக்குப் பழக்கம். அறுபதைத் தாண்டியவர். ஜோகூர்க்காரர். இருபது ஆண்டுகளுக்கு மேல் விடிகாலை மூன்றரைக்கு மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வந்தவர். பெயர் போட வேண்டாம் என்றார். "பேப்பர்ல பேரு வந்து என்னா செய்யப் போறேன் தம்பி?"

"லாயத்துக்குள்ள போன உடனே முதல்ல என்ன செய்வீங்க, அண்ணே?" என்று கேட்டேன்.

"தீனித் தொட்டியப் பாப்பேன். ராத்திரி வச்சது மிச்சம் இருந்தா அன்னைக்கு ஏதோ சரியில்லன்னு அர்த்தம். அப்புறம் காலு. முழங்காலுக்குக் கீழ கைய வச்சு மெதுவா இறக்கிக்கிட்டே வந்தா சூடு எங்க இருக்குன்னு தெரிஞ்சிரும். நரம்பு பிசகியிருந்தா, குதிரை நொண்டறதுக்கு ஒரு நாள் முன்னாடியே அந்தச் சூடு வந்துரும். டாக்டர் மெசின் வச்சுப் பாப்பாரு. நமக்குக் கைதான் மெசின்."

மேசை மேல் இருந்த என் முன்கையைப் பிடித்து எப்படித் தடவிப் பார்ப்பது என்று காட்டினார். உள்ளங்கை அல்ல, புறங்கை. சூட்டைப் புறங்கைதான் சரியாகச் சொல்லுமாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அம்மா தொட்டுப் பார்ப்பது போல.

குளிர்நாட்டுக் குதிரைகளை நம் வெயிலில் வைத்துக் காப்பாற்றுவது தனி வித்தை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வரும் குதிரைகளில் சில, கொஞ்ச நாளில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். ரோமம் வறண்டு, மூச்சு இரைக்கும். வியர்க்காத குதிரையை ஓட்டினால் அது விழுந்துவிடும். அதற்கு மின்விசிறி, தண்ணீர்க் குழாய், உப்பு. பழைய ஆட்கள் தீனியில் கறுப்பு பீர் ஊற்றுவார்களாம். "டாக்டர் சிரிப்பாரு. ஆனா வேணாம்னு சொல்ல மாட்டாரு" என்றார். பீர் வேலை செய்ததா என்பது தெரியாது. ஒவ்வொரு குதிரையும் வியர்க்கிறதா என்று தினமும் காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்க்க ஒருவர் இருந்தார் என்பதுதான் விஷயம்.

அவர் கடைசியாகப் பார்த்துக்கொண்ட மூன்று குதிரைகளில் இரண்டு மலேசியாவுக்குப் போயின. பாலம் தாண்டிப் போகும் லாரியில் அவரே ஏற்றிவிட்டார். மூன்றாவது எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இப்போது அவருக்கு ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை. சம்பளம் மோசமில்லை, நேரம்கூட வசதிதான் என்றார். "ஆனா தம்பி, மாப்புக்குக் காய்ச்சல் வராதில்ல" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

ஓய்வுபெற்ற தச்சர் வீட்டில் ஒரு முக்காலி செய்யலாம். ஓய்வுபெற்ற சமையல்காரர் கல்யாணத்துக்குச் சமைக்கலாம். சைஸின் கை குதிரை இல்லாமல் எதைத் தொடும்?

நடக்க முடிந்த பாதை தப்பித்தது

இது சிங்கப்பூர் மட்டும் கண்ட கதை அல்ல. மக்காவில் 2024 மார்ச் கடைசியோடு பந்தயம் நின்றது. 1864-இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பும் 2025-இல் பந்தயத்தை முடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் அதே 2024-இல், ஜூனில் ஊட்டி பந்தய மைதானத்தையும் செப்டம்பரில் கிண்டி மைதானத்தையும் குத்தகைப் பாக்கி காரணமாக அரசு கையகப்படுத்தியது, வழக்குகளும் நடந்தன. ஊட்டி மைதானத்தைப் பூங்கா ஆக்கப்போவதாகச் சொன்னார்கள். ஊட்டியிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் மெரினாவிலும் வாடகைக் குதிரையில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் உண்டா? அந்தக் குதிரைகளைப் பற்றி எந்தத் திட்ட அறிக்கையும் பேசுவதில்லை.

எனக்கு இன்னோர் எடுத்துக்காட்டுதான் பெரிதாகத் தெரிகிறது. அது எங்கள் வீட்டருகிலேயே இருக்கிறது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிய மலாயன் ரயில் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். 24 கிலோமீட்டர் நீளமான நிலம், நகரின் நடு வயிற்றில். கூறு போட்டு விற்றிருக்கலாம். விற்கவில்லை. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010-லேயே பசுமைப் பாதை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. ரயில் நின்ற மறுநாளிலிருந்து மக்கள் அந்தத் தடத்தில் நடக்க ஆரம்பித்தார்கள். தாத்தாவும் பேரனும், சைக்கிள்காரர்களும், குருவி பார்ப்பவர்களும். இன்றைக்கு ரயில் வழித்தடத்தை எடுத்துவிடுவோம் என்று யாரும் சொல்ல முடியாது.

ரயிலுக்குக் கிடைத்த இந்த யோகம் குதிரைக்கு ஏன் கிடைக்கவில்லை? என் கணக்கு இது: ரயில் பாதையில் நடக்க முடிந்தது. பந்தயத் திடலை மாடத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டுமே முடிந்தது. 180 ஆண்டுகளுக்கு மேல் குதிரைகள் இந்த ஊரில் இருந்தும், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று குதிரையின் கழுத்தைத் தொட்டுப் பார்க்க வழி அரிதாகவே இருந்தது. தொட்டுப் பார்க்காததற்காக யார் கடிதம் எழுதுவார்கள்?

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் நார்கோ என்ற சிற்றூரில் தெருவோரம் மனிதர் நடக்கும் சிமெண்ட் நடைபாதைக்குப் பதிலாகக் குதிரைப் பாதை போட்டிருக்கிறார்கள். கடைக்குப் போனால் வாசலில் குதிரை கட்டக் கம்பம் இருக்கும். லண்டனில் ஹைட் பார்க்கின் தென்புறத்தில் மணல் பரப்பிய ராட்டன் ரோ பாதையில் முன்னூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் குதிரைகள் போகின்றன. சுற்றிலும் நிலத்தின் விலை நம்முடையதைவிடக் குறைவில்லை. இங்கிலாந்தில் குதிரைப் பாதை என்பது சட்டப்படி வரைபடத்தில் ஏறிய உரிமை. நிலம் கைமாறினாலும் பாதை அப்படியே இருக்கும். நமக்கு நார்கோ ஆக முடியாது, ஆசையும் இல்லை. ஆனால் ஒரு பாதைக்கு என்ன அகலம் வேண்டும்? இரண்டு குதிரைகள் ஒன்றையொன்று கடந்து போக மூன்று நான்கு மீட்டர் மண் தடம் போதும். 14,000 வீடுகள் வரட்டும். அவற்றுக்கு நடுவில், பக்கத்திலேயே போகும் ரயில் வழித்தடத்தை நோக்கி அப்படி ஒரு தடத்தையும், இருபது முப்பது குதிரைகள் தங்கும் பொது லாயத்தையும் வரைந்தால் எத்தனை வீடு குறையும்? மாடத்தை நினைவுச் சின்னமாக வைப்பதைவிட இது குதிரைக்குச் செய்யும் மரியாதை என்பது என் கட்சி. பழைய சைஸ்களுக்கு வேலையும் கிடைக்கும்.

பாதை என்று ஒன்று ஊருக்குள் இன்றும் ஓரளவு மிஞ்சியிருப்பது புக்கிட் பிரவுன் பக்கம்தான். 1922-இல் திறந்து 1973-இல் மூடிய பழைய சீன இடுகாடு. 1886-இல் தோன்றிய சிங்கப்பூர் போலோ கிளப் 1941 முதல் அதற்குப் பக்கத்தில், மவுண்ட் பிளசண்ட் ஓரமாக இருக்கிறது. காலை நேரத்தில் அங்கிருந்து சவாரிக்காரர்கள் கல்லறைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் குதிரையை நடத்திக்கொண்டு வருவதுண்டு. மழை மரங்களுக்குக் கீழே, சீக்கியக் காவலாளிச் சிலைகள் நிற்கும் சமாதிகளைத் தாண்டி. லோர்னி நெடுஞ்சாலை அந்த இடுகாட்டை இரண்டாகப் பிளந்துவிட்டது. போலோ கிளப்பின் அண்டை நிலமான பழைய போலிஸ் பயிற்சிக் கழகத்தில் சுமார் 5,000 வீடுகள் எழப்போகின்றன. குதிரையும் வீவக வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியுமா என்பதற்கு அடுத்த சோதனை அங்கேதான் நடக்கும்.

குழந்தைகளைக் குதிரைக்கு அருகில் கூட்டிப் போக நினைப்பவர்களுக்குப் பாசிர் ரிஸ் பூங்காவை ஒட்டிய சவாரிப் பள்ளி எளிது. உடற்குறை உள்ள பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரியையே சிகிச்சையாகத் தரும் சங்கம் ஒன்றும் 1982 முதல் இங்கே இயங்குகிறது. கட்டணம் வாங்குவதில்லை. நடக்கச் சிரமப்படும் குழந்தையின் இடுப்புக்குக் குதிரையின் நடை தானே பயிற்சி கொடுக்கிறது. தொண்டூழியர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அதற்குக் குதிரை தெரிந்திருக்க வேண்டியதில்லை, நடக்கத் தெரிந்தால் போதும். எங்கே போவதானாலும் முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊரில் குதிரைகளின் முகவரி அடிக்கடி மாறும்.

புக்கிட் பிரவுனுக்குப் போகிறவர்களுக்கு நம் சைஸ் அண்ணன் சொல்லி அனுப்பியவை: குதிரை வந்தால் பாதையின் ஒரே பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள், ஆளுக்கொரு பக்கம் பிரியாதீர்கள். பின்னால் போகாதீர்கள். அதன் கண்ணில் படும்படி நின்று மெல்லப் பேசுங்கள், மனிதர் என்று அது தெரிந்துகொள்ளும். மழை தூறினாலும் குதிரை கடந்து போகும்வரை குடையைச் சட்டென்று விரிக்க வேண்டாம்.